71,000 ரூபாய்க்கு ஒரு பகல் கச்சேரி

2017 டிசம்பர் இசை விழாக் காலத்தில் சென்னையில் நான் பாடிய முதல் கர்நாடக இசைக் கச்சேரிக்கு 71,000 ரூபாய் செலவாயிற்று. பகல் பன்னிரண்டு மணிக்குத் தொடங்கி ஒன்றேகாலுக்கு முடிய வேண்டிய கச்சேரி அது. கேட்க வந்தவர்கள் பதினொரு பேர். அவர்களில் என் அப்பாவும் சித்தி வீட்டார் நால்வரும் அடக்கம், மூன்று பேர் எனக்கு அடுத்துப் பாடவிருந்த பெண்ணின் வீட்டார். இவ்வளவு துல்லியமாக என்னால் சொல்ல முடிவதற்குக் காரணம் என் அப்பா. மதுரை கீழமாசி வீதியில் ஒரு பலசரக்கு மொத்தக் கடையில் முப்பது ஆண்டுகள் கணக்கெழுதியவர் அவர். மகள் கச்சேரி செய்யப் போகிறாள் என்றதும் நீளமான கணக்கு நோட்டு ஒன்றை வாங்கி, முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி போட்டு, வரவு என்றும் செலவு என்றும் கோடு கிழித்துக் கொடுத்தார். அந்த நோட்டின் முதல் பக்கத்தில் செலவுப் பகுதி மட்டுமே நிரம்பியிருக்கிறது: நன்கொடை 35,000, பக்கவாத்தியம் (வயலின், மிருதங்கம்) இருவருக்கு 12,000, வீடியோ 8,000, பட்டுப்புடவை 6,200, மூன்று நாள் விடுதி 4,500, அழைப்பிதழும் புகைப்படமும் 3,500, பாண்டியன் எக்ஸ்பிரஸில் இருவர் போய்வர 1,800. எதிரில் இருந்த வரவுப் பகுதியில் அப்பா ஒரு சிறு கோடு மட்டும் போட்டு வைத்திருந்தார்.

நான் 2016இல் இசையில் முதுகலை முடித்தேன். ஐந்தாண்டுக் கல்லூரிப் படிப்பில் வர்ணங்களும் அறுபதுக்கு மேற்பட்ட கீர்த்தனைகளும் பாடம் ஆகியிருந்தன. எழுபத்திரண்டு மேளங்களையும் (தாய் ராகங்களையும்) வரிசையாகச் சொல்வேன். ராக லட்சணம் பற்றிப் பத்துப் பக்கம் எழுதுவேன். ஆனால் ஒரு வயலின் கலைஞரைத் தொலைபேசியில் எப்படி அழைப்பது, அவருக்கு எவ்வளவு கொடுப்பது, கச்சேரிகளை நடத்தும் சபாவுக்கு எழுதும் கடிதத்தில் என்ன இருக்க வேண்டும் என்பவற்றை யாரும் சொல்லித் தரவில்லை. என் ஆசிரியர்களை நான் குறைகூற மாட்டேன். அவர்களில் பலர் படித்த கையோடு அரசு வேலையில் அமர்ந்தவர்கள். மேடையைத் தேடி அலைய வேண்டிய நிலை அவர்களுக்கே நேர்ந்ததில்லை. எம்.எஸ். சுப்புலட்சுமியும் மதுரை மணி ஐயரும் பிறந்த ஊரில் படிக்கிறோம் என்ற பெருமிதத்தை அவர்கள் எங்களுக்கு நிறையவே கொடுத்தார்கள், அந்தப் பெருமிதத்தோடு அடுத்து எந்தக் கதவைத் தட்டுவது என்பதுதான் எங்களுக்குத் தெரியாமல் இருந்தது.

அந்த நேரத்தில்தான் கலை நிகழ்ச்சிகளை ஒருங்கிணைப்பவர் என்று சொல்லிக்கொண்ட ஒருவர், கல்லூரி விழாவில் என் பாட்டைக் கேட்டுவிட்டு அப்பாவிடம் வந்து பேசினார். “டிசம்பர்ல ஒரு தடவை பாடிட்டா, அப்புறம் மதுரைக்காரங்களே பாப்பாவைத் தேடி வருவாங்க சார்” என்றார். ஓர் அமைப்பின் பெயரில் அச்சடித்த படிவம், சென்ற ஆண்டு நிகழ்ச்சி நிரல், மாலை போட்டுக்கொண்டு சிரிக்கும் இளம் கலைஞர்களின் படங்கள் எல்லாம் அவரிடம் இருந்தன. அம்மா தன் இரட்டைவடச் சங்கிலியை அடகு வைத்தார். கொடுத்த பணத்துக்கு ரசீது வந்தது. அதில் ‘நன்கொடை’ என்றே எழுதியிருந்தது. அந்த ஒரு சொல்லின் பொருள் எங்களுக்குப் பின்னால்தான் விளங்கியது: விருப்பப்பட்டு நீங்களே கொடுத்தீர்கள், ஆகவே திருப்பிக் கேட்பதற்கோ அரங்கு ஏன் காலியாக இருந்தது என்று கேட்பதற்கோ உங்களுக்கு இடமில்லை.

இன்று அப்படி ஒரு படிவம் என் முன் வந்தால் நான் செய்யும் முதல் வேலை, சென்ற ஆண்டு நிரலில் இருக்கும் இளம் கலைஞர்களில் மூன்று பேரையாவது தேடிப் பிடித்துப் பேசுவது. எவ்வளவு கொடுத்தீர்கள், எத்தனை பேர் வந்தார்கள், அந்த மேடையால் அடுத்த கச்சேரி ஏதாவது வந்ததா, இந்த ஆண்டு அவர்களே உங்களைத் திரும்பக் கூப்பிட்டார்களா என்ற நான்கு கேள்விகள் போதும். அடுத்ததாக, நடுவில் நிற்கும் ஆளை விட்டுவிட்டு அந்த அரங்கின் செயலாளரிடம் நேராகப் பேச வேண்டும். நான் பாடிய அரங்கை நாள் வாடகைக்கு எடுத்து, அந்த நாளை ஐந்து துண்டாக்கி ஐந்து குடும்பங்களுக்கு விற்றிருந்தார்கள் என்பது ஒரு தொலைபேசி அழைப்பில் தெரிந்திருக்கும். விண்ணப்பத்தையும் ஒலிப்பதிவையும் மட்டும் வாங்கிக் கேட்டுவிட்டு, பணம் கேட்காமல் பகல் நேரத்தை இளையவர்களுக்கு ஒதுக்கும் சபாக்களும் சென்னையில் உண்டு. அவற்றுக்குக் கார்த்திகையில் எழுதிப் பயனில்லை. ஆடிக்குள் விண்ணப்பம் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும், போனதா என்று ஆவணியில் ஒரு முறை மரியாதையாகக் கேட்டுக்கொள்ளவும் வேண்டும்.

கச்சேரி நாளைப் பற்றி எழுத இன்றும் கூச்சமாக இருக்கிறது. பக்கவாத்தியக்காரர்களை ஒருங்கிணைப்பாளரே ஏற்பாடு செய்வதாகச் சொன்னதால், மேடையேறும் வரை அவர்கள் இருவரின் முகத்தையும் நான் பார்த்ததில்லை. என் சுருதி, அதாவது நான் பாடும் ஆதாரக் குரல் உயரம், ஐந்தரைக் கட்டை. மிருதங்கக்காரரிடம் ஐந்து என்று சொல்லியிருக்கிறார்கள். அவர் ஐந்து கட்டைக்கு உரிய மிருதங்கத்தோடு வந்திருந்தார். கல்லையும் மரத்துண்டையும் வைத்துத் தட்டித் தட்டி வலந்தலையை (வலப்பக்கத் தோலை) மேலேற்றிச் சேர்ப்பதற்குள் பதினைந்து நிமிடம் போயிற்று. விளக்குச் சூட்டில் அது நடுவிலும் நிற்கவில்லை. காம்போஜியில் பிரதான உருப்படியை எடுத்து நிரவலுக்கு (ஒரே வரியைப் பலவிதமாகப் பாடி விரிப்பதற்கு) வரும்போது ஓரத்தில் நின்றவர் கைக்கடிகாரத்தைக் காட்டினார். தனி ஆவர்த்தனத்துக்கு, அதாவது மிருதங்கம் தனியாக வாசிக்கும் பகுதிக்கு, நான்கு நிமிடம்கூடக் கிடைக்கவில்லை. அந்தக் கலைஞர் என்னிடம் ஒரு வார்த்தையும் பேசாமல் மிருதங்கத்துக்கு உறையை மாட்டிக்கொண்டு போனார். அவர்மீது எனக்குக் கோபம் இல்லை. பாடுபவளே ஒரு முறை அழைத்துப் பேசியிருந்தால் தீர்ந்திருக்க வேண்டிய விஷயம் அது.

ஆகவே என்னிடம் படிக்கும் பிள்ளைகளுக்கு நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதுதான்: பக்கவாத்தியக்காரரிடம் நீயே பேசு, உன் அப்பாவையோ ஏற்பாட்டாளரையோ பேச விடாதே. சுருதி என்ன, கச்சேரி எவ்வளவு நேரம், பிரதான உருப்படி எந்த ராகம் எந்தத் தாளம், எடுப்பு (பாட்டு தாளத்தில் தொடங்கும் இடம்) எங்கே, தனிக்கு எவ்வளவு நேரம் ஒதுக்குவாய், சன்மானம் எவ்வளவு, வண்டிச் செலவு யாருடையது, சாப்பாடு உண்டா என்பவற்றை ஒரே அழைப்பில் சொல்லிவிட்டு, அதையே எழுத்திலும் அனுப்பிவிட வேண்டும். கச்சேரி முடிந்து அவர்கள் செருப்பைத் தேடும் முன்பாகச் சன்மான உறை அவர்கள் கையில் இருக்க வேண்டும். உனக்கு வர வேண்டியது வரவில்லை என்பது அவர்கள் கவலை அன்று. இதைச் சொல்லும்போது சில பெற்றோர் முகம் சுளிக்கிறார்கள். வேறு வழியில்லை, கையிருப்பில் அந்தத் தொகை இல்லாமல் கச்சேரி ஒப்புக்கொள்ளக் கூடாது.

வீடியோ தனிக் கதை. 8,000 ரூபாய் வாங்கிய ஒளிப்பதிவாளர் மூலப் பதிவைத் தராமல், தன் யூடியூப் பக்கத்திலேயே கச்சேரியை ஏற்றிவிட்டார். பேச்சுவார்த்தைக்குப் பிறகு ஒரு பிரதி கிடைத்தது. அதை நான் என் பக்கத்தில் ஏற்றியபோது, நான் பாடிய தியாகராஜர் கீர்த்தனை ஓர் இசை நிறுவனத்துக்குச் சொந்தம் என்று தானியங்கி அறிவிப்பு வந்தது. பயந்துபோய் வீடியோவையே எடுத்துவிட்டேன். தியாகராஜர் 1847இல் சித்தியடைந்தவர். அவருடைய பாடலுக்கு இன்று யாரும் உரிமை கோர முடியாது, என் குரலில் நான் பாடியதற்கு வேறு ஒருவரின் ஒலித்தட்டு உரிமை பொருந்தாது, அந்த அறிவிப்புக்கு அங்கேயே மறுப்புத் தெரிவிக்க வழி இருக்கிறது என்பவை எல்லாம் தெரிய இரண்டு ஆண்டுகள் ஆயின. இதற்கு மறுபக்கமும் உண்டு. நம் நாட்டில் ஆக்கியவர் மறைந்து 60 ஆண்டுகள் வரை பதிப்புரிமை நீடிக்கிறது. பாபநாசம் சிவன் மறைந்தது 1973இல். அவர் பாடல்களை ஒலிப்பதிவாக வெளியிட விரும்புவோர் 2033 முடியும் வரை உரிமை பெற்றவர்களிடம் அனுமதி கேட்க வேண்டும். பாடுபவருக்கும் தன் நிகழ்ச்சியின் பதிவில் சட்டப்படி உரிமை உண்டு. ஒளிப்பதிவாளரிடம் முன்பணம் கொடுக்கும்போதே, மூலப் பதிவு யாருக்கு, யார் பக்கத்தில் ஏற்றலாம் என்று இரண்டு வரி எழுதி இருவரும் கையெழுத்திட்டுக்கொண்டால் போதும்; நான் பட்ட பாடு உங்களுக்கு வேண்டாம்.

ஊர் திரும்பிய பிறகு யாரும் என்னைத் தேடி வரவில்லை. அடகுக் கடைக்கு மாதந்தோறும் வட்டி போயிற்று. அம்மா கழுத்தில் மஞ்சள் கயிற்றோடு விசேஷ வீடுகளுக்குப் போய்வருவதைப் பார்க்கும்போது எனக்குத் தம்பூராவை எடுக்கவே மனம் வரவில்லை. நான்கு மாதம் சாதகம் (பாட்டுப் பயிற்சி) செய்யவில்லை என்பதை அப்போது வீட்டில் ஒருவரிடமும் சொன்னதில்லை. காலையில் கதவைச் சாத்திக்கொண்டு சுருதிப்பெட்டியை மட்டும் ஓடவிட்டு உட்கார்ந்திருப்பேன்.

2018 நவராத்திரியில், செல்லூரில் இருக்கும் மிருதங்கக் கலைஞர் ஒருவர் அழைத்தார். கல்லூரித் தேர்வுகளுக்கு வாசிக்க வருவார். நாங்கள் எல்லோரும் அவரை அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். திருமங்கலத்துக்குப் பக்கத்தில் ஓர் அம்மன் கோவிலில் அன்று மாலை பாட வேண்டியவருக்குக் காய்ச்சல். “ஏம்மா, ரெண்டு மணி நேரம் தாங்குவியா? சுருதி அஞ்சரைதான?” என்று கேட்டார். என் சுருதி அவருக்கு நினைவில் இருந்தது என்பதே எனக்கு அழுகையை வரவழைத்தது. சன்மானம் 2,000 ரூபாய், ஒரு ரவிக்கைத் துணி, தேங்காய் பழம். முற்றத்தில் இருநூறு பேருக்குக் குறையாமல் உட்கார்ந்திருந்தார்கள். மூன்றாவது உருப்படி முடிந்ததும் ஒரு பெரியவர், “தாயி, தமிழ்ல ஒண்ணு பாடு” என்றார். தமிழில் எனக்கு உருப்படியாகப் பாடம் இருந்தவை எட்டு. அந்த எட்டையும் பாடித் தீர்த்தேன்.

வரும் வழியில் வண்டியில் அண்ணன் கடுமையாகவே பேசினார். திருப்பரங்குன்றத்தில் கந்தசஷ்டிக்குப் பாட வேண்டும் என்றால் திருப்புகழ் சந்தத்தோடு வர வேண்டாமா, திருநீற்றுப் பதிகம் பிறந்த ஊரில் இருந்துகொண்டு அது பாடத் தெரியாது என்பாயா என்று கேட்டார். சம்பந்தர் திருவாலவாயில், அதாவது மதுரையில், பாடிய அந்தப் பதிகம் காந்தாரப் பண், நவரோஜ் ராகத்தில் பாடுவார்கள். பரீட்சைக்கு அதன் வரலாற்றை எழுதியிருக்கிறேன், பாடியதில்லை. அடுத்த ஆறு மாதத்தில் ஓதுவார் ஒருவரிடம் பதினைந்து தேவாரப் பதிகங்களும், முத்துத்தாண்டவர், அருணாசலக் கவிராயர், மாரிமுத்தாப்பிள்ளை, கோபாலகிருஷ்ண பாரதி ஆகிய பழைய தமிழ்ப் பாடலாசிரியர்களின் இருபது உருப்படிகளும் பாடம் செய்தேன். என் வாழ்க்கையில் பணமாகத் திரும்பி வந்த பாடம் இதுதான். கோவில் கச்சேரியைச் சிறுமையாக நினைக்கும் மாணவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வருகிறது. சித்திரை, ஆடி, ஆவணி, புரட்டாசி, தை என்று இந்த ஊரில் திருவிழா இல்லாத மாதம் குறைவு. அந்தக் கூட்டம் சபாக் கூட்டத்தைவிட நேர்மையானது, பிடிக்கவில்லை என்றால் எழுந்து போய்விடும்.

வானொலி நிலையக் கலைஞராவதற்கான தேர்வில் முதல் முறை தோற்றேன். பாடல் பட்டியலை நாமே கொடுக்கிறோம், அதிலிருந்து அவர்கள் கேட்கிறார்கள் என்பதால் எளிது என்று நினைத்தேன். கல்லூரியில் தோடி ராகத்தைப் பாட்டு இல்லாமல் பன்னிரண்டு நிமிடம் விரித்து ஆலாபனை செய்து பாராட்டு வாங்கியவள் நான். அங்கே மூன்று நான்கு நிமிடத்துக்குள் ராகம் துலங்க வேண்டும். நான் பஞ்சமத்துக்கு வருவதற்குள் போதும் என்றார்கள். கேட்பவர்களுக்குப் பாடுபவர் யார் என்று தெரியாது, ஆகையால் சிபாரிசுக்கும் அங்கே வேலை இல்லை. அடுத்த முறைக்குக் கைப்பேசியில் அலாரம் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு ராகத்தையும் மூன்று நிமிடம், ஐந்து நிமிடம், எட்டு நிமிடம் என்று மூன்று அளவுகளில் பாடிப் பழகினேன். 2019இல் தொடக்க நிலையான ‘பி’ கிரேடு கிடைத்தது. வானொலியில் கிடைக்கும் தொகை பெரிதில்லை. ஆனால் கோவில் நிர்வாகத்துக்கு எழுதும் கடிதத்தில் ‘ஆகாசவாணி மதுரை நிலையக் கலைஞர்’ என்ற ஒரு வரி, கல்லூரியில் வாங்கிய தங்கப் பதக்கத்தைவிட அதிகம் பேசுகிறது. படிக்கும்போதே தேர்வுக்குப் போகலாம், பட்டம் வரட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை.

திருமண வரவேற்புக் கச்சேரிகளைப் பற்றியும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். 15,000 ரூபாய் பேசினால் பக்கவாத்தியம் இருவருக்கு 7,000, வண்டிக்கு 1,500 போக 6,500 மிஞ்சும். பந்தியின் சத்தத்துக்கு நடுவே, ஒருவரும் கேளாமல் இரண்டரை மணி நேரம் பாடுவது முதலில் அவமானமாக இருந்தது. அம்மாவின் சங்கிலி அந்தப் பணத்தில்தான் மீண்டது.

என்னை இன்றும் உறுத்துவது வேறொன்று. மத்தியக் கலாச்சார அமைச்சகம் 18 முதல் 25 வயது வரையுள்ள இளம் கலைஞர்களுக்கு மாதம் 5,000 ரூபாய் வீதம் இரண்டு ஆண்டுகளுக்கு உதவித்தொகை தருகிறது என்பதை நான் அறிந்தபோது எனக்கு வயது 26. கிடைத்திருக்கும் என்று உறுதி சொல்ல முடியாது. கேட்கவே இல்லை என்பதுதான் வேதனை. கிடைத்திருந்தால் 1,20,000 ரூபாய். மாவட்ட அளவில் நம் அரசு வழங்கும் கலை வளர்மணி விருதுக்கு 19 முதல் 35 வயது வரை வாய்ப்பு இருக்கிறது. இவற்றின் அறிவிப்புகள் நாம் இருக்குமிடம் தேடி வருவதில்லை; கலை பண்பாட்டுத் துறையின் மதுரை மண்டல அலுவலகத்தில் ஆண்டுக்கு இரண்டு முறையாவது போய்க் கேட்டுவிட வேண்டும். வயதுச் சான்று, குருவின் கடிதம், நிகழ்ச்சி அழைப்பிதழ்கள், பத்திரிகைத் துணுக்குகள் ஆகியவற்றை ஒரே கோப்பில் வைத்திருந்தால் கடைசி நாள் ஓட்டம் மிச்சம். அழைப்பிதழ்களைத் தூக்கிப் போட்டுவிட்டு, பின்னால் கோவில் கோவிலாகச் சான்றுக் கடிதம் கேட்டு அலைந்தவள் சொல்கிறேன்.

திருமங்கலம் கச்சேரிக்குப் பிறகு அப்பா நோட்டில் புதிதாக ஒரு பத்தி சேர்த்தார்: ‘யார் மூலம்?’ ஒவ்வொரு கச்சேரிக்கும் எதிரே, அது எவர் வழியாக வந்தது என்று எழுத வேண்டும். கடையில் வாடிக்கையாளர் கணக்கை அப்படித்தான் வைத்திருந்தாராம். அன்று முதல் 2020 மார்ச்சில் ஊரடங்கு வரும் வரை நான் பாடியவை 31. அவற்றில் 19 பக்கவாத்தியக்காரர்கள் சொல்லி வந்தவை. 7 முன்பு கேட்டவர்கள் கூப்பிட்டவை, 3 கோவில் நிர்வாகத்துக்கு நானே எழுதிக் கிடைத்தவை, 2 வானொலி. சென்னைக் கச்சேரியால் வந்தது ஒன்றுகூட இல்லை. சபாச் செயலாளர்களையே பார்த்துக்கொண்டிருந்த நான், வாரத்தில் நான்கு மேடைகளில் நான்கு பாடகர்களோடு உட்காரும் மனிதரைக் கவனிக்காமல் இருந்திருக்கிறேன். அடுத்த பாடகர் யார் என்று ஏற்பாட்டாளர் முதலில் கேட்பது அவரிடம்தான்.

இப்போது கல்லூரி ஒன்றில் பகுதிநேரமாகக் கற்பிக்கிறேன். இறுதியாண்டுப் பிள்ளைகளுக்காக, எங்கள் தெருப் பிள்ளையார் கோவிலில் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை நாற்பது நிமிடக் கச்சேரி வைக்கிறோம். வாய்ப்பாட்டு மாணவி ஒருத்தி, வயலினும் மிருதங்கமும் படிக்கும் இருவர், ஒரே ஒரு மைக். பாட்டுப் படிப்பவர்கள் வாத்தியம் படிப்பவர்களோடு கல்லூரி நாட்களிலேயே பழகிவிட வேண்டும் என்பதற்காகச் செய்வது இது. நடுவில் மின்சாரம் போகும், மணி அடிப்பார்கள், குழந்தை அழும். கோவில் தரும் 500 ரூபாயை மூவரும் பங்கிட்டுக்கொண்டு நோட்டில் எழுத வேண்டும்.

சென்ற மாதம் அந்தப் பிள்ளைகளில் ஒருத்தி, மேலூர்ப் பக்கத்துப் பெண், கையில் ஒரு படிவத்தோடு வந்தாள். அமைப்பின் பெயர் வேறு, தொகை 60,000, மற்றபடி எனக்கு வந்த அதே படிவம்தான். அவள் அப்பா மாட்டை விற்பதாக இருந்தாராம். வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. என் நோட்டின் முதல் பக்கத்தையும் ‘யார் மூலம்’ பத்தியையும் காட்டிவிட்டு, சென்ற ஆண்டு நிரலில் இருந்த மூன்று பேரைத் தேடிப் பேசிவிட்டு வரச் சொன்னேன். மூன்று பேரும் எடுத்துப் பேசினார்கள். மூன்றாமவர் தொகையைக் கேட்டதுமே, “எனக்கு நாப்பதாயிரம்தான வாங்கினாங்க” என்றாராம். படிவத்தை மடித்து என் மேசையிலேயே வைத்துவிட்டுப் போனாள். வரும் வெள்ளிக்கிழமை பிள்ளையார் கோவிலில் அவளுடைய முறை. சுருதி ஐந்து கட்டை, பிரதானம் கல்யாணி, ஆதி தாளம், தனிக்கு எட்டு நிமிடம் என்று மிருதங்கம் வாசிக்கப் போகும் மாணவரிடம் அவளே பேசி முடித்திருக்கிறாள்.